பிஞ்சு உடல், பஞ்சு எடை

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த உருப்படியான காரியம், எங்கள் பள்ளியில் ‘பிஞ்சு உடல், பஞ்சு எடை’ திட்டத்தைத் தொடங்கியதுதான். பள்ளியின் தலைமையாசிரியன் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளனும் நான்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

தையல் கம்பெனியிலும் குடோன்களிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றச் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். ஆசிரியர் அறையில் திரை கட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் பேசினார்.

“ஏழைங்கன்னா ஒல்லியா இருப்பாங்கன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தோம் சார். இப்ப பாத்தா புள்ளைங்க குண்டாயிட்டே போகுது. மலிவா கிடைக்கறதெல்லாம் சர்க்கரையும் எண்ணெயும்தான். சாயங்காலம் வீட்ல ஆள் இல்ல. விளையாட இடம் இல்ல.”

காரணங்களை இவ்வளவு துல்லியமாக அடுக்கியவர், தீர்வுக்கு வந்தபோது அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. அதற்குப் பெயர்தான் நிபுணத்துவம். தீர்வு, ‘விழிப்புணர்வு’.

கூட்டத்தில் குறுக்கே பேசியவர் ஒரே ஒருவர்தான். உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் தொங்குவதை வைத்து அவரை எல்லாரும் ‘விசில்’ என்றே கூப்பிடுவோம்.

“மேடம், பி.டி. பீரியடை எல்லாம் கணக்கு சார் வாங்கிட்டுப் போயிடறாரு. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. மத்ததையும் திருப்பிக் குடுங்க, நான் புள்ளைங்கள ஓட வெச்சுக்கறேன்.”

“ஓடறதெல்லாம் அப்புறம் சார். எதுக்கு ஓடணும்னு முதல்ல அவங்களுக்குப் புரியணும்.”

புரிய வைப்பதற்காக அந்த மிச்சம் ஒரு பீரியடையும் எடுத்துக்கொண்டோம். மைதானத்தில் பாதியை அடைத்து ‘விழிப்புணர்வு அரங்கம்’ கட்டினோம். மறுபாதியில் அரங்கத்துக்கு வருகிற நிபுணர்களின் கார்கள் நின்றன. குழந்தைகள் அசையாமல் உட்கார்ந்து, அசையாமல் உட்கார்வதால் வரும் தீமைகளைக் கற்றார்கள். அசைந்தவர்கள் வெளியே முட்டி போட்டார்கள்.

பிறகு எடைத் திருவிழா வந்தது. காலை வழிபாட்டுக்கூட்டத்தில் மேடை போட்டு எடை மெஷினை வைத்தோம். ஒவ்வொரு குழந்தையாக ஏற, நான் மைக்கில் அறிவித்தேன். சரியான எடைக்குச் சட்டைக் கையில் பச்சைப் பட்டை. கொஞ்சம் தாண்டினால் மஞ்சள். ரொம்பத் தாண்டினால் சிவப்பு. யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகச் சிவப்பை ‘ரோஜா’ என்று அழைக்கும்படி ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினேன்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெஷினில் ஏறும்போது அவளுடைய அம்மா கேட்டுக்கு வெளியே நின்று, “பயப்படாம ஏறு குண்டுமணி” என்று குரல் கொடுத்தாள். வீட்டில் கொஞ்சுகிற பெயர் போலிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மைக்கில் அப்படியே சொன்னேன். “அடுத்து நம்ம குண்டுமணி! ரோஜாப் பட்டை!” பள்ளியே சிரித்தது. மணி அன்றைக்கே உதிர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து வெறும் ‘குண்டு’தான். குழந்தைகளிடையே நட்புறவை வளர்ப்பதும் எங்கள் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

அடுத்த கட்டமாகத் தாய்மார்களுக்கு ஆலோசனைக் கூட்டம். அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அவர்கள் வந்தார்கள். வராவிட்டால் பிள்ளையின் பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தோம், அந்த ஆர்வம்தான். உணவு நிபுணர் ஒருவர் பேசினார்.

“காலையில ஒரு கைப்பிடி பாதாம் குடுங்க. பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு பழம். சாயங்காலம் முளைகட்டின பயறு.”

குண்டுமணியின் அம்மா எழுந்தாள். தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள்.

“ஒரு கைப்பிடின்னா என் கையா மேடம், புள்ள கையா?”

“யார் கையா இருந்தா என்னம்மா?”

“என் கைன்னா கட்டுப்படியாகாது. புள்ள கைன்னாலும் கட்டுப்படியாகாது. சும்மா தெரிஞ்சிக்கலாமேன்னு கேட்டேன்.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

“சார், நாங்க இருக்கறது மூணாவது மாடியில ஒத்தை ரூமு. கீழ இறங்கினா லாரி. நாலு மணிக்கு நீங்க கேட்டைப் பூட்டிடறீங்க. நான் வர எட்டாயிடும். அது வரைக்கும் புள்ள உள்ள தாப்பா போட்டுக்கிட்டு பன்னைத் தின்னுக்கிட்டு ஃபோனைப் பாத்துக்கிட்டு கெடக்கு. கேட்டை மட்டும் தொறந்து வையுங்க சார். நாங்க வர்ற வரைக்கும் இங்கயே ஓடி ஆடட்டும். வேற எதுவும் வேணாம்.”

“நானே கூட இருந்து பாத்துக்கறேன் சார்,” என்றார் விசில்.

அதிகாரியம்மா கனிவோடு விளக்கினார். “அம்மா, நீங்க கேக்கறது கட்டமைப்பு வசதி. அது வேற துறை. எங்களோடது மனமாற்றம்.”

‘கோரிக்கை கனிவுடன் கேட்கப்பட்டது’ என்று கூட்ட அறிக்கையில் எழுதி அந்த விஷயத்தை முடித்தோம். கனிவு உண்மை. கேட்டது உண்மை.

அடுத்த பருவத்தில் மீண்டும் எடை பார்த்தபோது எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. பள்ளியிலேயே அதிகமாக இளைத்திருந்தவள் குண்டுமணி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பார்க்கவே அத்தனை ‘ஆரோக்கியமாக’ இருந்தாள். வகுப்பில் இரண்டு தடவை தலைசுற்றி விழுந்தாளாம். விழிப்புணர்வு வகுப்பில் எல்லாரும் தூங்குவதுபோல இவளும் தூங்குகிறாள் என்று நினைத்து அவளுடைய ஆசிரியை அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தாய்மார்களையும் அழைத்துப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தோம். அதிகாரியம்மாவே நேரில் வந்து குண்டுமணிக்கு ‘நட்சத்திரக் குழந்தை’ பட்டம் சூட்டினார். அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குக் கைதட்டுகிறார்கள் என்பதால் அவளும் தட்டினாள்.

“எப்படிம்மா சாதிச்சே? உன் ரகசியத்தை எல்லாருக்கும் சொல்லு பாப்போம்,” என்று மைக்கை நீட்டினார் அதிகாரியம்மா.

“நான் மத்தியானம் சாப்பிடறதில்ல மிஸ்.”

“அப்படியா? ஏன்?”

“சாப்பிடறப்ப எல்லாரும் என் பட்டையப் பாத்துட்டு டப்பாவப் பாக்கறாங்க.”

இப்படிப்பட்ட தருணங்களில் தலைமைப் பண்பு தேவை. நான் கை தட்டினேன். ஆசிரியர்களும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மா மேடையில் ஏறிவிட்டாள்.

“தினம் டப்பா காலியாத்தானே கண்ணு வருது?”

“குழாய்கிட்ட ஒரு நாய் இருக்கும்மா.”

“ராத்திரி வயிறு சரியில்லன்னு சொன்னியே, அதுவும் இதானா?”

குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. அம்மா அவளைத் திட்டவில்லை. சட்டையில் குத்தியிருந்த பட்டையை ஊக்கோடு பிய்த்து எடுத்தாள். மேடையிலேயே, எங்கள் நாற்காலிகளுக்கு முன்னால், சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தன் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, “வாயத் தொற” என்றாள். குழந்தை முதலில் சபையைப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. வாயைத் திறந்தது. அழுதுகொண்டே மென்றது.

அதிகாரியம்மா எட்டி டப்பாவைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். “காய் கம்மியா இருக்கு சார்.”

ஊட்டி முடித்ததும் அம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “கேட்டைத் தொறங்கன்னு கேட்டேன் சார். நீங்க என் புள்ள வாயை மூடிட்டீங்க.” மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். கீழே இருந்த தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையின் பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவள் பின்னால் போனார்கள். விசில் வாயில் விசிலை வைத்து ஓங்கி ஊதினார். பிள்ளைகள் எல்லாரும் வெளியே பாய்ந்து, கார்களுக்கு நடுவே தலைதெறிக்க ஓடினார்கள். திட்டம் தொடங்கிய பிறகு அவர்கள் ஓடியது அன்றுதான். அனுமதியின்றி ஓடவிட்ட குற்றத்துக்காக விசிலை வெகுதூரத்துப் பள்ளிக்கு மாற்றினோம்.

குண்டுமணியின் அம்மா மறுவாரமே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மகளை இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு பள்ளியில் சேர்த்திருக்கிறாளாம். மிகவும் பின்தங்கிய பள்ளி. அரங்கம் கிடையாது, நிபுணர் கிடையாது, மெஷின் கிடையாது. இருட்டும் வரை திறந்திருக்கிற ஒரு மைதானம் மட்டும்தான் இருக்கிறது. குழந்தை அங்கே நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாக ஓடுகிறாள், கன்னம் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவளை எண்ணி வருந்தினேன். ஆனால் அவளைப் பார்த்து மற்ற ரோஜாப் பட்டைகளும் டி.சி. வாங்கிப் போனதால் எங்கள் பள்ளியின் சராசரி எடை மேலும் குறைந்தது. அதைப் பார்த்து மேலிடம் எங்களுக்குச் ‘சிறந்த பள்ளி’ விருது கொடுத்தது.

விருது வாங்கிவிட்டு இறங்கும்போது வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க ஸ்கூல்லயும் இதே திட்டம் வரப்போகுது சார். உங்க நட்சத்திரக் குழந்தை வயித்தை எப்படி சார் அவ்வளவு சீக்கிரம் குறைச்சீங்க?”

தொழில் ரகசியத்தை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“ரொம்ப சுலபம் சார். வயித்துல அடிச்சோம்.”