வோல்ட் வாத்தியார் மீது ஒரு புகார்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் நலமும் அச்சுக் கோப்பவர் நலமும் அறிய ஆவல். இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று, தங்கள் பத்திரிகையில் 'கேளுங்கள், மின்சாரம் பேசும்' பகுதியை எழுதும் வோல்ட் வாத்தியாரைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு மினி பஸ்காரர் அனுப்பும் புகார். மற்றது இது. இரண்டும் ஒரே கையெழுத்தில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த பஸ்காரர் என் மனைவியின் தம்பி. வோல்ட் வாத்தியார் நான்தான் என்பது பதினொரு வருடமாகத் தங்களுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம் பெயர் போடாத வாசகர் ஒருவர், தன் பஸ்ஸில் இருபத்துநாலு வோல்ட், காரில் மாட்டுகிற ரேடியோவும் இரண்டு சின்ன ஃபேனும் பன்னிரண்டு வோல்ட், எப்படி ஓட்டுவது என்று கேட்டிருந்தார். நான் ஆயுள் முழுக்க மிக்ஸியும் ரேடியோவும் ரிப்பேர் பார்த்தவன். சொந்த வாகனம் என்றால் சைக்கிள்தான். தெரியாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கை கேட்டதா? "அன்பு வாசகரே, பஸ்ஸில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டைத்தான் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. கன்வெர்ட்டர் வாங்கு என்பவன் கடைக்காரனாகத்தான் இருப்பான்" என்று எழுதினேன். தாங்களும் அதைக் கட்டம் கட்டிப் போட்டீர்கள்.

மச்சான் அதன்படியே கம்பி இழுத்து, அதைக் கத்தரித்து டிரைவர் சீட்டுக்கு மேலேயே ஒட்டியும் வைத்துவிட்டான். பதினைந்து நாள் பாட்டும் காற்றும் பிரமாதம். அந்த பஸ்ஸில் தினமும் ஆஸ்பத்திரிக்குக் காலை ஷிஃப்டுக்குப் போகிற பதினொரு நர்ஸுகளும் அவனை வாயார வாழ்த்தினார்கள். பிறகு வண்டிக்குள் அழுகிய முட்டை வாடை. ஒருவர் டிபன் டப்பாவை மற்றவர் சந்தேகப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நானும் நர்ஸுகளும் தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை தள்ளினோம். ஒரு நர்ஸம்மா தள்ளிக்கொண்டே என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து தலையில் அடித்துக்கொண்டார். "இது ரெட்டைப் புள்ளைங்க மாதிரிங்க. ஒண்ணுகிட்ட மட்டும் வேலை வாங்கிட்டு, சாப்பாட்டை, அதான் சார்ஜை, ரெண்டுக்கும் சரிசமமா போட்டா? இது பட்டினி கெடக்கு. அது தின்னு தின்னு தண்ணியெல்லாம் கொதிச்சு வயிறு ஊதிப்போச்சு. எந்த மடையன் சொன்னான்?"

மச்சான் சீட்டுக்கு மேலே கையைக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க அத்தான்?" என்றான்.

"அயோக்கியன்! இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஐயா.

இன்னொரு நாள் தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் பிழைப்பே அந்த பஸ்தான். அந்த நிலையிலும் அவன், "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும் அத்தான், நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்று என்னையே உட்கார வைத்துவிட்டான். வீட்டில் அவன் எது கேட்டாலும் "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுகிறவன் நான், அன்றைக்கு வாயைத் திறக்காமல் எழுதினேன். புகாரில் 'கிறுக்கன்' என்பது அவன் சொன்னது. 'கயவன்' நானாகச் சேர்த்தது.

ஆகவே, இருபத்துநாலைப் பன்னிரண்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், ஒற்றை பேட்டரியைத் தொடவே கூடாது என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் திருத்தம் போடுங்கள். இன்னொரு வாசகர் பஸ் தள்ளக் கூடாது. என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம். மச்சான் முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் வீட்டிலுள்ள மின்சாதனங்கள் அனைத்தும் பழுதில்லாமல் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
வோல்ட் வாத்தியார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மச்சான் வந்துவிட்டான். புகாரில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று உறையை வாங்கி இதையும் படித்துவிட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பதினொரு வருஷமா தெரியும் அத்தான். அக்கா மொத வாரமே சொல்லிட்டா. அந்தக் கேள்வியை அனுப்புனதே நான்தான். நீங்க எழுதுனதாச்சேன்னுதான் ஒட்டியே வெச்சேன்" என்றான். என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன். "வீட்ல கேட்டா எரிஞ்சு விழுவீங்க. பத்திரிகையிலதான் 'அன்பு வாசகரே'ன்னு கூப்பிடுறீங்க."

எனவே மேலே ரகசியம் கேட்டதை மறந்துவிடுங்கள். புகாரை 'கயவன்' உட்பட அப்படியே போட்டு, கீழே என் சொந்தப் பெயரில் பதிலும் போடுங்கள். பதிலைத் தனியே அனுப்புகிறேன். 'அன்பு மச்சானே' என்று தொடங்கிவிட்டேன். அதற்கு மேல் கை ஓட மாட்டேன் என்கிறது.