கண்ட்ரோல் கடை வாசலில் நான் வரிசை பிடித்தது

அன்று அரியலூர்க் கடைத்தெருவில், கண்ட்ரோல் துணிக் கடை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

சப்ளை ஆபீஸ் கிளார்க்கு சீனிவாசன் சார். நாற்காலியில் இருந்தார்.

அய்யாக்கண்ணு. கடலைக்காடு உள்ளவர். தகர வில்லை நம்பர் இருபது. வரிசையில் முதலில் நின்றார்.

ரஹீம் பாய். பெரம்பலூரில் அத்தர் வியாபாரம். நம்பர் பதினாலு. இரண்டாவதாக நின்றார்.

கோவிந்தன். நம்பர் ஏழு.

அவருடைய அக்கா மகன் கலியபெருமாள். நம்பர் நாலு. மாமாவுக்குப் பின்னால் நின்றான்.

செல்லாயி. களை எடுக்கும் கூலி. நம்பர் ஒன்று. கடைசியில், மற்றவர்களை விட்டு நாலு முழம் தள்ளி நின்றார்.

இன்னும் பதினைந்து பேர். பெயர் மறந்துவிட்டது.

அப்புறம் நான். வில்லை கிடையாது. டெம்பரவரி பியூன்.

யுத்த காலம். துணிக்குத் தட்டுப்பாடு. முன்கூட்டியே வில்லை கொடுத்துவிடுவார்கள். அந்த நம்பர்படிதான் துணி. செல்லாயி விடியுமுன் வந்து முதல் வில்லையை வாங்கினார். அய்யாக்கண்ணு ஆள் விட்டு வாங்கினார். (ஆள் வழியில் கள்ளுக்கடையைப் பார்த்துவிட்டான்.)

நான் படித்தது மூன்றாவது. நம்பர் தெரியும். எது பெரிசு, எது சிறிசு என்று தெரியும். பியூனுக்கு அது போதும் என்றார்கள். நானும் நம்பினேன்.

பகல் ரயிலில் திருச்சியிலிருந்து ஆபீசர் வருகிறார். அவர் வரும்போது வரிசை நம்பர்படி நின்றால் எனக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் அய்யாக்கண்ணு மகள் சிவகாமி எனக்கு. இரண்டும் பேசி முடிந்திருந்தது.

நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் தீர்ந்தது என்பீர்கள். போன தடவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். 'ஒண்ணு' என்றதும் ஒன்பது பேர் வந்தார்கள். ஊரில் அத்தனை பேர் தங்களை ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைப் பலகை உடைந்தது.

ஆகவே சீனிவாசன் சார் புது வழி கண்டுபிடித்தார்.

"டேய், கேட்டுக்க. முன்னாலேர்ந்து ஆரம்பி. பக்கத்துப் பக்கத்துல நிக்கற ரெண்டு பேரப் பாரு. முன்னால நிக்கறவன் நம்பர் பெரிசா இருந்தா ரெண்டு பேரையும் எடம் மாத்து. இல்லன்னா வுட்டுடு. அடுத்த ரெண்டு பேரப் பாரு. கடைசி வரைக்கும் போ. திரும்ப மொதல்லேர்ந்து வா. மாத்த ஆளே இல்லாத வரைக்கும் சுத்து. தப்பவே தப்பாது."

"சரிங்க சார்."

"கூச்சல் கூடாது."

"சரிங்க சார்."

எனக்குத் தெரிந்த பேச்சு அன்று அவ்வளவுதான்.

முதலில் அய்யாக்கண்ணு. என்னைப் பார்த்ததும் மீசையைத் தடவினார். பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தம்பி நம்ம வூட்டுக்கு வரப்போற புள்ள."

நான் வில்லைகளைப் பார்த்தேன். இருபது. பதினாலு.

"மாமா, பின்னால வாங்க."

"என்ன மாப்ள, வெளையாடறீங்களா?"

"நம்பர் அப்படிங்க மாமா."

சிரித்துக்கொண்டே மாறினார். அடுத்த ஆளிடம் பதினொன்று. மறுபடி மாற்றினேன். சிரிப்பு பாதியாயிற்று. அடுத்தது பதினேழு. மாற்றினேன். சிரிப்பு நின்றது.

அங்கேதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபதுக்கு மேல் நம்பர் கிடையாது. ஆகவே யாரோடு ஒப்பிட்டாலும் இவர்தான் பின்னால் போவார். ஒரே தடவையாக "கடைசிக்குப் போங்க" என்றிருந்தால் ஒரு அவமானத்தோடு முடிந்திருக்கும். நான் அவரை வரிசை முழுக்க ஒவ்வொரு முகமாகக் காட்டி அழைத்துப்போனேன். சாமி ஊர்வலம்கூட அவ்வளவு இடத்தில் நிற்காது.

பாதியில் 'மாப்ள' 'தம்பி' ஆனது. அதைத் தாண்டியதும் 'டேய்' ஆனது.

கடைசியில் செல்லாயி மட்டும் பாக்கி. இருபது. ஒன்று.

அய்யாக்கண்ணு நின்றுவிட்டார். "இவளுக்குப் பின்னால நானா?"

தெரு முழுக்கப் பார்த்தது. சீனிவாசன் சார் மேகத்தைப் பார்த்தார்.

"நம்பர் அப்படிங்க," என்றேன்.

"பொண்ணு கெடையாதுடா ஒனக்கு."

"சரிங்க."

மாற்றிவிட்டேன். செல்லாயி பக்கத்தில் போக மனமில்லாமல் அய்யாக்கண்ணு எதிர்சாரி வரை போய்ச் சுற்றி வந்து கடைசி இடத்தில் நின்றார்.

ஒரு சுற்று முடிந்தது. பெண் போயிற்று. வேலையாவது நிற்கட்டும் என்று மறுபடி முன்னால் ஓடினேன்.

நாலை ஏழுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். நான் நகர்ந்ததும் கலியபெருமாள் பழையபடி பின்னால் போய்விட்டான்.

"ஏன்டா?"

"மாமாவுக்கு முன்னால முதுகக் காட்டிட்டு நிக்கறதா? அவரு பொண்ணத்தான் கட்டப்போறேன்."

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்டா," என்றார் கோவிந்தன். ஆனால் நினைத்தார். முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மாற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவன் மரியாதை செய்தான்.

செல்லாயி விஷயம் வேறு. முன்னாலிருந்து பார்த்துக்கொண்டு போகிற முறையில் பெரிய நம்பர் ஒரே சுற்றில் கடைசிக்குப் போய்விடும். சிறிய நம்பர் கடைசியில் நின்றால் சுற்றுக்கு ஒரு இடம்தான் முன்னால் வரும். அந்த ஒரு இடத்துக்கும், மாற வேண்டிய ஆள் எதிர்சாரி வரை போய்ச் சுற்றி வருவான். ஒருவன் நிழல் படாமல் வரவேண்டும் என்று வண்டிக்குப் பின்னால் போனான். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. (வண்டிக்காரன் சொந்தக்காரன். வெற்றிலை போட்டிருக்கிறார்கள்.)

"நல்ல மொறை தம்பி," என்றார் ரஹீம் பாய். "இன்ஷா அல்லா, அடுத்த ரம்ஜானுக்குத் துணி வந்துடும்."

செல்லாயி என்னைக் கேட்டார். "நான் நேரா நடந்து முன்னால போயிடட்டா?"

"கூடாது. முறை இருக்கு."

இதைச் சொன்ன வாயை இன்றும் நான்தான் வைத்திருக்கிறேன்.

எட்டாவது சுற்றில் ரயில் வந்துவிட்டது.

ஆபீசர் குடையோடு வந்தார். முதல் ஆளின் வில்லையை வாங்கிப் பார்த்தார். மூன்று.

"ஒண்ணு எங்கய்யா?"

பன்னிரண்டாவது இடத்திலிருந்து குரல் வந்தது. "வந்துகிட்டேதான் இருக்கேன் சாமி. காலையிலேர்ந்து."

வரிசை சிரித்தது. அய்யாக்கண்ணு தவிர.

ஆபீசர் குடைக்காம்பால் செல்லாயியை வாவென்றார். அவர் நேராக நடந்து முன்னால் வந்தார். முடிந்தது.

"இந்த அழகான ஏற்பாடு யாரோடது?"

சீனிவாசன் சார் எழுந்து நின்று என்னைக் காட்டினார். "இவனா ஏதோ பண்ணிட்டிருந்தான் சார். நானும் என்னதான் பண்றான்னு பார்த்தேன்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "நாளைக்கு வராதே."

"சரிங்க சார்."

துணி பதினேழாம் நம்பரோடு தீர்ந்தது. அய்யாக்கண்ணு வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், பானையை உதைத்து, நடந்ததைச் சொல்லியிருக்கிறார். சிவகாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: "கோயில்லயும் நீங்கதான் மொதல்ல நிப்பீங்க, சந்தையிலயும் நீங்கதான். ஒங்கள ஒங்க எடத்துல நிறுத்த ஊருல ஒரு ஆம்பள இல்ல. கட்டுனா அந்த ஆளத்தான் கட்டுவேன்."

"வேலை போச்சுடி அவனுக்கு."

"வேற வேல கெடைக்கும்."

கிடைத்தது. சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமந்தேன். அய்யாக்கண்ணு தை மாதம் வரை பிடிவாதமாக இருந்தார். சிவகாமி தை தாண்டியும் இருந்தாள்.

கல்யாணப் பந்தியில் மாமனாரை முதல் இலையில் உட்காரச் சொன்னார்கள். நேராகக் கடைசி இலைக்குப் போனார். "மாப்ள காட்டுன எடம்," என்றார். பாயசம் அந்த இலை வரை வரவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்றார். சாகும்வரை எந்த வீட்டு விசேஷத்திலும் அதே இலை, அதே பேச்சு.

இப்போது அவர் இல்லை. பேச்சு இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையை இழுத்தால், "தாத்தா வரிசை பிடிக்கிறாரு" என்பார்கள். தாத்தா நான்தான். போன ஆவணியில் பேத்தி கல்யாணம். போட்டோக்காரர் குடும்பத்தை உயரப்படி நிற்கச் சொன்னார். நான் எழுந்தேன். சிவகாமி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர்களே நின்றுகொண்டார்கள்.

நாற்பத்து மூன்று பேர்.