ஈரச்சுவரில் ஒற்றைக்கண் பூதம்

ஒற்றைக்கண் பூதத்தை எப்படியாவது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கும்போது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் வாய் நிறைய நுரையோடுதான் எடுப்பேன். தப்பித்தவறி உரக்கச் சொல்லிவிட்டாலும் மனைவிக்குப் புரியாது.

பூதம் என்றதும் பயப்பட வேண்டாம். சினிமா போஸ்டர்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய மாயாஜாலப் படங்களில் பூதம், பறக்கும் பாம்பு, வாள் வீசும் எலும்புக்கூடு எல்லாமே சின்னச் சின்னப் பொம்மைகள். பொம்மையின் காலை ஒரு நூல் அளவு நகர்த்துவார்கள், ஒரு படம் எடுப்பார்கள். மறுபடி ஒரு நூல், மறுபடி ஒரு படம். பூதம் ஒரு படி இறங்குவதற்குள் எடுப்பவருக்குத் தலை நரைத்துவிடும். அந்தப் படங்களின் போஸ்டர்களைச் சேர்ப்பதுதான் என் ஒரே கெட்ட பழக்கம். எல்லாவற்றையும் சுருட்டி, அட்டைக் குழல்களில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

"இதுவரைக்கும் சுருட்டினது போதும்" என்பாள் மனைவி, நாலு பேர் முன்னால். கேட்பவர்கள் நான் ஏதோ சங்கப் பணத்தில் கை வைத்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பூதம் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கப் பிறந்ததல்ல. மூடிப்போன ஒரு தியேட்டரின் தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து மீட்டது. ஆள் உயரம். ஒரு கையில் கப்பல், இன்னொரு கையில் கதாநாயகி. ரத்தச் சிவப்பு வானம். முறையாக அனுமதி கேட்டேன்.

"ஹால்லயா? பூதத்தையா?"

"கலைம்மா அது."

"அவ்வளவு கலைன்னா உங்க கடையில மாட்டுங்க."

"மூக்குக்கண்ணாடிக் கடையில ஒத்தக்கண் பூதத்தை மாட்டினா, இங்க கண்ணாடி வாங்கினா இப்படித்தான் ஆகும்போலன்னு ஜனங்க ஓடிடுவாங்க."

"அப்ப நான் மட்டும் ஓடாம உக்காந்திருக்கணுமா?"

வழக்கு தள்ளுபடி.

என் மனைவி கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்சுக்காரன் மனசுக்குள் பிட் அடித்தாலே பிடித்துவிடுவாள். அவளிடம் நேர்வழி செல்லாது. ஆகவே நுரை, ஆகவே முடிவு.

திட்டம் எளிமையானது. சுவரில் ஈரம் வந்தால் யாரும் மறைக்கத்தான் நினைப்பார்கள். மறைக்கப் பெரிதாக ஏதாவது வேண்டும். வீட்டில் பெரிதாக இருப்பது பூதம் ஒன்றுதான்.

தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும், செடிக்குத் தெளிக்கும் பாட்டிலை எடுத்துச் சுவரில் அடித்தேன். பார்ட்டியில்கூடச் சோடாவுக்கு மேல் தொடாத நான், வாழ்க்கையில் முதன்முறையாகத் தண்ணி அடித்தது அந்தச் சுவரில்தான். அதுவும் ஒரேயடியாக அல்ல. இன்று ஒரு நூல், நாளை ஒரு நூல். பொம்மைப்பட மேதைகளின் பொறுமை. ஈரம் தானாக நகர்ந்து வளர்வதுபோல் அத்தனை இயல்பு!

ஒருநாள் அவள் சுவர் முன்னால் நின்றாள்.

"என்னங்க, இங்க ஈரம்."

"ஐயையோ! எங்க?" நான் ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்று சோபாவுக்குக் கீழே போய்விட்டது. "மேல் வீட்டுக் குழாய் கசியுது போல."

"நமக்கு மேல மொட்டை மாடிதானே?"

"அப்ப கீழேருந்து ஏறுது. ஈரம் ஏறும்மா."

"ஏறட்டும். இந்த வீட்டுல சுவருக்காவது ஏதோ ஏறுதே."

பொறுத்துக்கொண்டேன். லட்சியவாதி பொறுக்க வேண்டும்.

"பார்க்க அசிங்கமா இருக்கு. எதையாவது வச்சு மறைக்கணும்" என்றாள்.

"காலண்டர்?" என்றேன், பச்சைப்பிள்ளைபோல.

"பத்தாது." யோசித்தாள். "உங்க பூதம் இருக்கே, அதை வேணா மாட்டுங்களேன்."

உள்ளே தாரை தப்பட்டை முழங்கியது. வெளியே முகத்தைச் சுளித்தேன்.

"அதையா? ஹால்லயா? நல்லாவா இருக்கும்?"

"வேணாம்னா விடுங்க."

"மாட்டறேன், மாட்டறேன்!"

மாட்டினேன். எந்த அர்த்தத்தில் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அன்று மாலை முழுக்க பூதத்தின் எதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கடையிலிருந்து திரும்பினால், பூதம் சுருட்டப்பட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. கீழ்வீட்டு பிளம்பர் எங்கள் சுவரில் காதை வைத்து, டாக்டர்போல் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"எப்படி இருக்குண்ணே?" என்றாள் மனைவி.

"உள்ளுக்குள்ளயே ஊறிப்போச்சும்மா. இந்த ஒரு சுவரோட நிக்காது. ஹால் மொத்தத்தையும் சுரண்டி, காயவிட்டு, பெயிண்ட் அடிச்சுடறது நல்லது."

"சார், இதுல குழாயே ஓடலையே" என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தவன் நான். இவர் என்னைவிடப் பெரிய பொய்யராக இருக்கிறாரே! ஆனால் மறுக்க வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்ட வேண்டும்.

"அதெல்லாம் எதுக்கு? தானா காஞ்சிடும்" என்றேன்.

"தானா வந்ததுதான் தானா காயும்" என்றார் பிளம்பர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. பாவம், சுவரை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அவள் கேட்கத் தொடங்கிய காலத்தில் எனக்குத் தலைநிறைய முடி இருந்தது. இடுப்புவலி, மழைக்காலம், நல்ல நேரம் இல்லை என்று தட்டிக்கழித்தே வந்தவன் நான். இப்போது விடுமுறைதோறும் ஏணிமேல் நின்றேன். சுரண்டினேன். மூக்கில், காதில், காபியில் சுண்ணாம்பு. அவள் கீழே நின்று, "அந்த மூலை விட்டுப்போச்சு பாருங்க" என்று ஊக்கமளித்தாள். நிறம் அவள் தேர்வு. கிளிப்பச்சை. அடித்து முடித்தபோது நானே ஒரு மாயாஜாலப் படத்து ஜந்துவைப்போல இருந்தேன்.

ஆனாலும் மனம் தளரவில்லை. பச்சைக் கையைக் கழுவிக்கொண்டு பூதத்தை எடுத்துவந்தேன்.

"இப்ப மாட்டிடலாமா?"

"எதுக்கு? மறைக்கத்தான் ஈரமே இல்லையே."

"எப்பவுமே இருந்ததில்ல!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் காதில் விழுந்தது.

அவள் அமைதியாகக் காபியை என் கையில் கொடுத்தாள். "தெரியுங்க. வேர்வைக் கை பட்டா காகிதம் கெட்டுடும்னு, என்னையே கையுறை போட்டுத் தொடச் சொல்ற மனுஷன் நீங்க. ஈரச்சுவர்ல மாட்டச் சொன்னேன். ஒரு வார்த்தை, 'ஐயோ ஈரம்'னு சொன்னீங்களா? அப்பவே கீழ்வீட்டு அண்ணன்கிட்ட போயிட்டேன்."

நான் பூதத்தைப் பார்த்தேன். பூதம் என்னைப் பார்க்க வெட்கப்பட்டதுபோல் இருந்தது. மறுபடி சுருட்டினேன்.

அவள் தூரிகையைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்னங்க, நாளைக்குக் காலையில நான் குளிக்கப் போறப்ப, அப்படியே சமையலறைச் சுவரையும் கொஞ்சம் நனைச்சு வச்சிடுங்க."