ஹேர்பின் இருந்த இடம்

"எண்ணெய் விடப்போறேன்னுதானே சொன்னீங்க?"

மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, அதன்மேல் அவளுடைய அப்பாவின் பெடல் கிடாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பரப்பியிருந்தான் வாஷிங் மெஷின் மெக்கானிக்கான அவள் கணவன்.

"எண்ணெய் விடணும்னா உள்ள போய்த்தானே விடணும்," என்றான்.

அது தோளில் மாட்டி வாசிக்கிற கிடார் அல்ல. மேசை மாதிரி நான்கு கால், மேலே பத்துத் தந்தி, கீழே மூன்று பெடல். பெடலை மிதித்தால் அடியில் ஓடும் ராடு ஒன்று தந்தியை இழுக்கும், சுருதி குழைந்து ஏறும். வாசிப்பவர் ஒரு இரும்புத் துண்டைத் தந்திகள்மேல் நகர்த்திக்கொண்டே போனால் கல்நெஞ்சுக்காரனுக்கும் கண் கலங்கும். மாமனார் வாசிக்கும்போது இவன் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பான். கிட்டே போய்க் கேட்கும் அளவுக்கு உறவு முற்றவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு," என்று மகளிடம்தான் சொல்வார். மகள் இல்லாவிட்டால் மின்விசிறியைப் பார்த்து, "கதவைச் சாத்தினா கொசு வராது," என்பார். மின்விசிறிக்குக் கதவு சாத்தத் தெரியாது என்பதால் இவன் எழுந்து போய்ச் சாத்துவான்.

"மெக்கானிக்னா இளக்காரம் அவருக்கு," என்று மனைவியிடம் பொருமாத நாள் இல்லை. "ஒரே ஒரு தடவை அவர் வாயால மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுட்டாப் போதும். வேற எதுவும் வேணாம்."

அதற்கான வாய்ப்பு நேற்றுத்தான் வந்தது. மாமனாரும் மாமியாரும் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க வெளியூர் கிளம்பினார்கள். நாளைக்கு மாமனாரின் பழைய இசைக்குழு வெகுகாலம் கழித்து மேடை ஏறுகிறது. "பெடல் கீச்சுங்குது. வந்து நானே பார்த்துக்கறேன். அது மேல மூடியிருக்கிற துணியை யாரும் தூக்க வேணாம்னு சொல்லு," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். கீச்சொலியை நிறுத்தினால் மனசும் இளகிவிடும் என்று இவன் கணக்குப் போட்டான். துணியைப் பற்றிச் சொன்னதை வசதியாக மறந்துவிட்டான்.

அடிப்பக்கத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ராடு கழன்று விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஹேர்பின். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங். போதாததற்கு இரண்டு ராடுகளைச் சேர்த்துக் கட்டி ஒரு ஷூ லேஸ்.

"எந்தப் புண்ணியவான் கைவெச்சானோ," என்றான். "எங்க கடையில இப்படி ஒருத்தன் வேலை பார்த்தா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மனைவி ஹேர்பினை எடுத்துத் துடைத்துத் தலையில் சொருகிக்கொண்டாள். மற்றதெல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

கழற்றும்போது எல்லாம் அவன் சொன்னபடி கேட்டது. மாட்டும்போதுதான் சனி பிடித்தது. முதல் பெடலை மிதித்தால் மூன்றாவது பெடலின் தந்தி துள்ளியது. ராடுகளை மாற்றிப்போட்டான். இப்போது மிதித்த பெடல் மிதித்தபடியே கிடந்தது. மேலே ஏறிய சுருதி இறங்க மாட்டேன் என்றது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வாஷிங் மெஷின் ஸ்பிரிங் ஒன்றை மாட்டினான். அது எட்டு கிலோ ஈரத்துணியைத் தாங்கும் ஸ்பிரிங். பெடலை அழுத்த அவன் ஏறி நிற்க வேண்டியிருந்தது. நின்றதும் படீரென்று ஒரு தந்தி அறுந்தது.

"அப்பா சாயங்காலம் வந்துடுவாரு," என்றாள் மனைவி.

"தெரியும்."

"நாளைக்கு வாசிக்கணும்."

"அதுவும் தெரியும்."

கிடார் பெட்டியில் இருந்த மாற்றுத் தந்தியைப் பூட்டினான். நிமிர்ந்து பார்த்தால் கிடார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான்கு கால்களும் ஒரே உயரம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேலே வைத்திருந்த இரும்புத் துண்டு அப்படியே உருண்டு வந்து அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது.

வலி வேறு, பயம் வேறு. மாமனார் இத்தனை காலம் பேசாமல் இருந்ததே மேல், இனி முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கட்டைவிரலில் ஐஸ் வைத்தாள். பிறகு போனை நீட்டினாள். யாரோ ஒரு தாடிக்காரர் இதே கிடாரைப் பிரித்து மாட்டும் வீடியோ.

அதைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தாடிக்காரர் சொன்ன இடத்தில் சொன்னதை மாட்டினான். தன் டூல்ஸ் பையிலிருந்து நல்ல பின், அளவான ஸ்பிரிங் போட்டான், கால்களையும் திருகி ஒரே உயரமாக்கினான். கடைசியாக மிதித்தபோது ஒவ்வொரு பெடலும் வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறியது. கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. துணியைப் போட்டு மூடியபோது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மாமனார் மாமியாரோடு வந்தார். பையை வைத்தார். முகம்கூடக் கழுவாமல் துணியை நீக்கிக் கிடார் முன் உட்கார்ந்தார். நாளைக்கு மேடையில் வாசிக்கப்போகும் பாட்டைத் தொடங்கினார்.

சுருதி ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் வேறொரு தந்தி ஊளையிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை தெருநாய் ஒன்று கூடவே பாடியது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் மெல்லத் திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை," என்றார். "இதுக்குள்ள ஒரு ஹேர்பின் இருந்துச்சே, அது எங்க?"

கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட சந்தோஷத்தில் இவனுக்கு வாய் நிற்கவில்லை.

"அதெல்லாம் குப்பை மாமா. யாரோ விவரங்கெட்டவன் கண்டதையும் சொருகி வெச்சிருந்தான். பெடல்கூட முன்னுக்குப் பின்னா மாட்டியிருந்தான். நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

மாமனாரின் காது சிவந்தது. மனைவி இவன் இடுப்பில் கிள்ளினாள்.

"எனக்கு அந்த விவரங்கெட்டவன் மாட்டினது மாதிரியே வேணும்," என்றார் மாமனார். "என் காலுக்கு அதுதான் பழக்கம்."

"எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லையே மாமா."

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, முட்டி இரண்டும் முனக, தரையில் மல்லாந்து படுத்துக் கிடாருக்கு அடியில் நகர்ந்துபோனார். "டார்ச்சை எடுத்துட்டு வாங்க," என்றார். இவனும் பக்கத்தில் படுத்து நகர்ந்தான்.

"அந்த ராடை இங்க மாத்துங்க. ஷூ லேஸ் இதுக்கும் இதுக்கும். ரெண்டு முடிச்சு. பேனா ஸ்பிரிங் அந்த ஓட்டையில." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

இவன் வியந்துபோனான். "அந்த ஆளு வேலை பார்க்கும்போது பக்கத்துலயே இருந்தீங்களா மாமா?"

"ம்... பக்கத்துலதான் இருந்தேன்."

மாமியார் மகளின் தலையிலிருந்து ஹேர்பினை உருவிக் குனிந்து நீட்டினார். மாமனார் அதை வாங்கும்போது மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி உட்கார்ந்து வாசித்தார். பெடல் கீச்சென்றது. அதைத் தாண்டிப் பாட்டு எழுந்து கூடம் முழுக்க நிறைந்தது. இவன் மாடிப்படிக்குப் போகத் திரும்பினான். "எங்க போறீங்க? இங்கயே உட்காருங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார், வாசிப்பை நிறுத்தாமல். "நாளைக்கு நீங்களும் மேடைக்குப் பக்கத்துல இருக்கணும். பாதியில எது கழண்டு விழும்னு சொல்ல முடியாது."

இவன் மாமியாரிடம் நகர்ந்துபோய்க் கிசுகிசுத்தான்.

"மெக்கானிக்குன்னு என்மேல இருந்த இளக்காரம் போயிடுச்சு போல இருக்கு அத்தை."

"இளக்காரமா?" என்றார் மாமியார். "வாங்கின புதுசுல அதைக் கழட்டிப்போட்டு, திரும்ப மாட்டத் தெரியாம என் தலையில இருந்த ஹேர்பினைப் பிடுங்கிச் சொருகினதே அவர்தான் மாப்பிள்ளை. மருமகன் மெக்கானிக்குன்னு தெரிஞ்சதும், பேச்சுக் கொடுத்தா எங்க நீங்க கிடாருக்கு அடியில குனிஞ்சு பார்த்துடுவீங்களோன்னு பயந்துதான் மனுஷன் இத்தனை நாளா வாயே திறக்கல."