முப்பத்தோரு பெண்களின் அப்பா

இதை எழுதலாமா கூடாதா என்று யோசித்தே பல வருஷங்கள் போய்விட்டன. ஒவ்வொரு கிருத்திகைக்கும் குன்றத்தூர் மலைப்படி ஏறும்போது, இந்த மாதம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றிவிடும். காரணம், இதில் ஒரு பொய் இருக்கிறது. அது என் கையெழுத்தில் இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். பிள்ளைகளுக்கு லீவ் லெட்டர் எழுதியதைத் தவிர வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பெரிய விஷயம் அந்தப் பொய்தான். இப்போது முழங்கால் வலியில் படியேற முடிவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தேடினாலும், நாற்காலியில் உட்காராமல் ஒரு இல்லத்தையே நடத்திய தலைவி விசிலம்மா ஒருவர்தான். உட்காராமல் என்றால் நிஜமாகவே உட்காராமல். எலெக்ட்ரிக் டிரெயினில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். சாப்பாடு நின்றுகொண்டு. தூக்கம்கூடப் பாதி நேரம் கதவுநிலையில் சாய்ந்து நின்றபடிதான். கேட்டால், "உக்காந்தா அசந்துடுவேன். நான் அசந்தா அவங்களும் அசந்துடுவாங்க" என்பார்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து வேலையை விட்டவர். டீச்சர் வேலையை விட்டாரே தவிர, கழுத்தில் தொங்கிய விசிலை விடவில்லை. எண்பதுகளின் கடைசியில், சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, போக்கிடம் இல்லாத பெண்களைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டார். ஸ்டேஷனில், பஸ் ஸ்டாண்டில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் கிடந்தவர்கள். அந்த வீடே விசிலில்தான் நடந்தது. ஒரு விசில் என்றால் சாப்பாடு. இரண்டு என்றால் குளியல். மூன்று என்றால் யாரோ தெரியாத ஆள் வாசலில் நிற்கிறான், எல்லாரும் உள்ளே போங்கள் என்று அர்த்தம்.

ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், கூட்டத்துக்குள் போய்விட்ட ஒரு பெண்ணை நிறுத்துவதற்காக விசிலடித்தார். கார்டுதான் ஊதினார் என்று நினைத்து மோட்டார்மேன் வண்டியை எடுக்கப் பார்த்துவிட்டார். ரயில்வே ஆட்கள் வந்து, இன்னொரு தடவை ஊதினால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று மிரட்டினார்கள். விசிலம்மா அமைதியாகக் கேட்டாராம்: "உள்ள எத்தனை பேருக்கு இடம் இருக்கும்? எங்கிட்ட இன்னும் நாலு பேர் இருக்காங்க."

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று சொல்கிறேன். இல்லத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வாளியைத் தூக்கும்போது விசிலம்மா வந்து நின்றார். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். என் கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோடு நேரா வருது. நீதான் செயலாளர்" என்றார். வாளியைக்கூடக் கீழே வைக்க விடவில்லை.

செயலாளர் வேலை என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பருப்பு வேகவைத்தேன். பேன் பார்த்தேன். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கூடத்துக்குள் வந்தால் பாயைத் தூக்கிப் பிடித்தேன். மத்தியானம் வீட்டுக்குப் போனால் என் வீட்டு வேலை அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அலுப்பு என்றால் என்ன என்று அந்த வருஷங்களில்தான் எலும்பு வரைக்கும் தெரிந்துகொண்டேன். நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட விசிலம்மாவுக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தவர்கள் மை கலைந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. வந்த பெண்ணிடம் எட்டு நாள் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. பெயர்கூட. தானாகச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் வந்த கிழமைதான் பெயர். அதனால் வீட்டில் பெரிய வெள்ளி, சின்ன வெள்ளி, இரண்டு புதன், மூன்று வியாழன் இருந்தார்கள். சனிக்கிழமை வந்தவர்கள் மட்டும் அந்தப் பெயரே வேண்டாம் என்றுவிட்டதால், அவர்கள் எல்லாரும் ஞாயிறு.

ஒரு தடவை எனக்கு ஆர்வம் தாங்காமல், புதிதாக வந்த பெண்ணிடம் நாலாம் நாளே எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன். காதுக்குப் பக்கத்தில் விசில் பறந்தது. "ஃபவுல். வெளிய போய் பத்து நிமிஷம் நில்லு." தென்னைமரத்தடியில் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். ஏன் இங்கே நிற்கிறாய் என்றார். ஃபவுல் பண்ணிவிட்டேன் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

நான் ஊர் கேட்ட அந்தப் பெண்தான் செவ்வாய். வலது கை முழங்கை வரை வெந்த தழும்பு. வந்து ஏழெட்டு மாதம் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் ஆண் குரல் கேட்டால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். மூன்று விசில் சட்டம் வந்ததே அவளால்தான். இல்லத்துக்குப் பெயர்ப்பலகை வைக்காததும் அதனால்தான். போர்டு வைத்தால் தேடி வருகிறவனுக்கு சௌகரியமாகப் போய்விடும் என்பார் அக்கா.

இப்படி இருக்கும்போது சர்க்கார் ரெஜிஸ்டர் ஒன்று வந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி எழுத வேண்டும். அந்த முகவரிக்கு, உங்கள் வீட்டுப் பெண் இங்கே இருக்கிறார் என்று ஆபீஸிலிருந்து கடிதம் போகும். நல்லதற்காகப் போட்ட விதிதான். தொலைந்துபோன பெண்ணைத் தேடி அழுகிற வீடுகளும் உண்டு. ஆனால் செவ்வாய் மாதிரிப் பெண்களுக்கு அந்தக் கடிதம் போனால் என்ன ஆகும் என்று அந்த விதிக்குத் தெரியாது.

என் கோடு நேராக வருமே, அதனால் ரெஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார். அக்கா நின்றபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் பெண், தகப்பனார் பெயர் வேதகிரி, மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டாவது, வேதகிரி. மூன்றாவது, வேதகிரி. அந்த ஊரில் அந்தப் பெயர் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவதில்தான் உறைத்தது. வேதகிரி யார் என்று கேட்டேன்.

"எங்கப்பா" என்றார். "போய்ச் சேர்ந்துட்டார். வீடு பூட்டித்தான் கெடக்கு. எவ்ளோ லெட்டர் வேணா போகட்டும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "அக்கா, இது பொய் இல்லையா? இன்னிக்குக் கிருத்திகை. நான் விரதம்."

அக்கா ரெஜிஸ்டரை மூடினார். "அப்ப மிச்சத்தை நாளைக்கு எழுது."

மறுநாள் மிச்சத்தை எழுதினேன். முப்பத்தோரு பேருக்கும் வேதகிரிதான் அப்பா.

யாராவது ஒருவராவது, முப்பத்தோரு கடிதமும் ஒரே வீட்டுக்குப் போனால் தபால்காரர் என்ன செய்வார் என்று யோசித்திருக்க வேண்டும். ஏழு பேர் கமிட்டி. ஏழு பேருக்கும் தோன்றவில்லை. மதுராந்தகத்துத் தபால்காரர் வேதகிரி ஐயாவை நன்றாகத் தெரிந்தவர் போலிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் பொறுமையாக, பெறுபவர் காலமானார் என்று எழுதி, அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதிகாரி நேரில் வருவார், பெண்களை விசாரிப்பார், விவரம் பொய்யானால் எல்லாரையும் வேறு இல்லங்களுக்கு மாற்றி, சரியான முகவரி வாங்கிக் கடிதம் அனுப்பப்படும்.

அக்கா நோட்டீஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "ரொம்ப அலுப்பா இருக்குடி. ஒரு தரம் உக்காந்தா தேவலாம் போல இருக்கு" என்றார். நோட்டீஸுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்த வார்த்தைக்குப் பயந்தேன்.

அதிகாரி மத்தியானம் குடையோடு வந்தார். ரிட்டையர் ஆக ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அவரும் எங்களைப் போலவே களைத்த முகம். ஆபீஸ் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவைக் கதவோரம் நிற்கச் சொன்னார், வாய் திறக்கக்கூடாது என்றார். அக்கா விசிலை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். பேசாமல் இருக்க அவருக்கு அது ஒன்றுதான் வழி.

"உங்க அப்பாவுக்கு முப்பத்தோரு பொண்ணுங்களாம்மா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். பதிவுப் பத்திரத்தில் அக்காவின் தகப்பனார் பெயரைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். உங்களைச் சேர்த்தால் முப்பத்திரண்டு என்று அதிகாரியே கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள். நாங்கள் யாருக்கும் எதுவும் சொல்லித் தரவில்லை, முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டதும் பெரிய வெள்ளி, வேதகிரி என்றாள். அது எங்கே தெரிந்தது அவளுக்கு? நான் எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேரோ. என்ன வேலை செய்தார் என்று அதிகாரி மடக்கினார்.

"மீன்பாடி வண்டி இஸ்துகினு இருந்தாரு சார். காசிமேட்டுல. எனக்கு மட்டும் நண்டு எடுத்துகினு வருவாரு."

அடுத்தவளின் வேதகிரி தறி நெய்தார். அதற்கடுத்தவளின் வேதகிரி கூடுவாஞ்சேரி சந்தையில் கத்தரிக்காய் விற்றார். ஒரு வியாழன், "குடிப்பார் சார், அடிப்பார். ஆனா காய்ச்சல் வந்தா தோள்ல தூக்கிட்டு நடப்பார்" என்றாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார். பெயர் மட்டும்தான் பொய். மற்றது எல்லாம் அவரவர் அப்பா. அதிகாரியின் பேனா போகப்போக மெதுவாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் செவ்வாய் வந்து நின்றாள். தழும்புக் கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் பேச மாட்டாள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"எங்கப்பா இருந்திருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன் சார்."

அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அக்காவின் விசில் மெல்ல ஒரு சத்தம் போட்டு நின்றது. அழுகையை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் செயலாளரா? உங்க கையெழுத்தா இது?"

"ஆமாங்க சார்."

"எழுதினது உண்மையா?"

 முருகா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். அவர் வரவில்லை, அல்லது வந்து இப்படித்தான் பேசினாரோ என்னவோ. "இவங்களுக்கு வேற போக்கிடம் இல்லைங்கறது உண்மை சார்" என்றேன்.

 அவர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, முதல் பெயரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வேதகிரிக்கும் நேராக 'காலமானார்' என்று எழுதினார். முப்பத்தோரு தடவை. அவசரமே படவில்லை. "செத்துப்போனவருக்கு லெட்டர் போட எனக்கு விதி கிடையாதும்மா" என்று சொல்லி மூடினார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்தினார். "நீங்க கொஞ்சம் உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தார். நான் பார்த்து முதல் தடவையாக. அதிகாரி கேட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார், வாயில் விசிலோடு. மூச்சு விட விட விசில் பீ என்று நீளமாக ஊதியது. மணி நாலுகூட ஆகவில்லை. ஒரு விசில் என்றால் சாப்பாடு ஆயிற்றே. முப்பத்தோரு பேரும் தட்டோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். பார்த்தார்கள். தட்டுச் சத்தம் கேட்காமல் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். செவ்வாய் மட்டும் கிட்டே போய், வாயிலிருந்து விசிலை மெதுவாக எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா போய்விட்டார். அதற்கு முன்பே இல்லத்தைச் செவ்வாய் கையில் கொடுத்திருந்தார், விசிலோடு. மயானத்தில் ஒரு சீட்டை நீட்டி, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். அன்றைக்கும் கிருத்திகை. நான் விரதம். நாளைக்கு எழுதலாம் என்று தோன்றவே இல்லை. தங்கை என்று எழுதினேன். என் தகப்பனார் பெயர் கேட்ட இடத்தில் வேதகிரி என்று எழுதினேன். கோடு நேராகத்தான் வந்தது.

இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொல்வதானால், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக எங்கள் அப்பா பெயரை மாற்றாமல் சொல்லுங்கள்.