பிஸ்கட் தூளும் பவர் பட்டனும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அதெல்லாம் ஒத்துக்க முடியாது. வணக்கம் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும், தெரியும். வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் சுகம். உங்க மருமகளும் சுகம். எதிர்ல உக்காந்து நான் சொல்லச் சொல்ல டைப் அடிச்சிட்டு இருக்கா. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அதுவும் கம்ப்யூட்டர்ல ஒரு 'ழ'வைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள வந்த கோபம் ஆறிடும். ஆறவிடக் கூடாதுன்னுதான் இவளைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன்.

உங்க மெயிலைப் படிச்சுக் காட்டினா. உலகத்துலயே கேடுகெட்ட கம்ப்யூட்டர் சாமான் எதுன்னா, வயித்துல சார்ஜர் ஓட்டை வச்ச அந்த மவுஸ்தான்னு அடிச்சு எழுதியிருக்கீங்க. சார்ஜ் ஏத்தணும்னா மல்லாக்கப் போடணும், அது முடியிற வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கணும், இதைவிட முட்டாள்தனம் உண்டான்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்ற பவர் பட்டன் கோளாறெல்லாம் ஒரு கோளாறே இல்ல, மனசுல வஞ்சம் வச்சுத்தான் நான் அன்னிக்கு வீடியோ காலைக் கட் பண்ணேன்னு முடிச்சிருக்கீங்க. மவுஸ் வயித்துல ஆரம்பிச்சு என் வயித்தெரிச்சல்ல கொண்டு போய் நிறுத்திட்டீங்க. காலேஜ்ல பாடம் எடுத்தவராச்சே!

அந்த மவுஸ் என்ன பாவம் பண்ணுச்சு? சாப்பிடும்போது மல்லாந்து படுத்துக்குது, அவ்வளவுதானே. நீங்களும் சாப்பாடு ஆனதும் அப்படித்தான்னு சம்பந்தியம்மா சொல்லியிருக்காங்க. அதனால யார் குடும்பம் கெட்டுது? சார்ஜரோட தலை தடிச்சுப்போய் பக்கத்து ஓட்டையையும் சேத்து மறைக்குதுன்னும் எழுதியிருந்தீங்க. அதுவும் சின்ன விஷயம். கல்யாணத்துல உங்க பக்கத்து ஆளு ஒருத்தர் ரெண்டு நாற்காலியை அடைச்சு உக்காந்தார், நான் ஏதாவது சொன்னேனா? பேர் சொல்ல மாட்டேன், உங்க அண்ணன்தான். என்கிட்ட இருக்கிற பிரிண்டர் மஞ்ச மை தீந்து போச்சுன்னு கறுப்புல அச்சடிக்க மாட்டேங்குது. அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் இந்தக் கடுதாசியை மெயில்ல அனுப்புறேன். ஆனா டெலீட் பட்டனோட தோளை உரசிக்கிட்டு பவர் பட்டனை ஒருத்தன் வச்சான் பாருங்க, அவனை மட்டும் பொறுக்க முடியல. அந்த ஒருத்தன் யாருன்னு அப்புறம் சொல்றேன்.

நான் லிஃப்ட் ஓட்டினவன், சம்பந்தி. ஆயுசு பூரா ஒரு இரும்புப் பொட்டிக்குள்ள ஸ்டூல் போட்டு உக்காந்து பட்டன் அமுக்கினவன். அதுல நிறுத்துற பட்டன் சிவப்பா, தனியா, எட்டி அமுக்குற இடத்துல இருக்கும். மூணாவது மாடி பட்டனுக்குப் பக்கத்துலயே கயித்தை அறுக்குற பட்டனை வச்சிருந்தா அந்த ஆபீஸ்ல மேனேஜருக்கே பஞ்சம் வந்திருக்கும். சில மேனேஜரை ஏத்தும்போது அப்படி ஒண்ணு இருந்தா தேவலைன்னு தோணும், அது வேற கதை.

அன்னிக்கு நடந்ததை மறுபடியும் சொல்றேன், கேளுங்க. நீங்க கூப்பிட்டீங்க, நான் எடுத்தேன், எடுத்ததும் "என்ன சம்பந்தி, மூக்கு ஓட்டை மட்டும்தான் தெரியுது, முகத்தைக் காட்டுங்க"ன்னீங்க, நான் என்ன பண்ணுவேன், திரையைச் சுத்தி ஓரம் இருந்தா அழகு கெட்டுடும்னு கேமராவைத் தூக்கிக் கீழே கொண்டு போய் வச்சிருக்காங்க, அது கிணத்துக்குள்ள விழுந்தவன் ஆளைத் தேடுற மாதிரி என் மூக்கையே அண்ணாந்து பாத்துட்டு இருக்கும், நிமிந்தா மூக்கு, குனிஞ்சா வழுக்கை, சரின்னு லேப்டாப்பை மடியில வச்சேன், அது மூச்சு விடுற ஓட்டை அடியில இருக்காம், அதை என் தொடை அடைச்சுக்கிச்சு, சூடு தாங்காம ஒரு தலகாணி மேல தூக்கி வச்சேன், தலகாணி தொடையைவிட நல்லா அடைச்சுது, உள்ள இருக்கிற ஃபேன் விமானம் கிளம்புற மாதிரி கத்துது, அந்த நேரம் பாத்து நீங்க "முக்கியமான விஷயம் சம்பந்தி"ன்னு குரலைத் தாழ்த்துறீங்க, ஒண்ணும் கேக்கலை, சவுண்டை முழுசா ஏத்தினேன், அப்பத்தான் கீபோர்டு மூலையில, டெலீட் பட்டன் மேல ஒரு பிஸ்கட் தூள் கண்ணுல பட்டுச்சு, சுண்டு விரலால தட்டிவிட்டேன். அவ்வளவுதான். இருட்டு. நீங்க வாயைத் திறந்தபடியே அணைஞ்சு போயிட்டீங்க.

இந்த இடத்துல உங்க மருமக டைப் அடிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பாக்குறா.

"என்னப்பா பிஸ்கட்? இங்க வந்ததுல இருந்து நாம பிஸ்கட்டே வாங்கலையே."

"நீ அடிம்மா."

"பொய்யை எல்லாம் அடிக்க முடியாது."

"நான் சொல்றதை மட்டும் அடி. நீ சொல்றதை அடிக்காத."

எல்லாத்தையும் அடிச்சுட்டா போலிருக்கு. சரி, போகட்டும்.

இப்ப அந்த ஒருத்தனுக்கு வர்றேன். வேற யாரு, மாப்பிள்ளைதான். எந்த ஓட்டை இருக்கணும், எது போகணும், எந்தப் பட்டன் யார் பக்கத்துல உக்காரணும்னு அவர் கம்பெனியில கூடிப் பேசுற கூட்டத்துல அவர் வாக்குதான் கடைசி வாக்குன்னு நீங்களே பெருமையா சொன்னீங்க. அப்ப நான் அவங்களோடதான் இருந்தேன். இந்த லேப்டாப் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்குக் கொண்டாந்து ரெண்டு விரல்ல தூக்கிக் காட்டினார்.

"பாருங்க மாமா, எவ்வளவு மெல்லிசு!"

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. இயர்போனை எங்க சொருகுறது?"

"அதை எடுத்தாச்சு மாமா. இப்ப யாருக்கு வேணும் அது?"

"எனக்கு வேணும்."

சிரிச்சார். நானும் சிரிச்சேன். பேட்டரியைக் கழட்ட முடியாதாம், பசை போட்டு ஒட்டியாச்சாம். மெமரியையும் போர்டோட சேத்துப் பத்த வச்சாச்சாம். ஒண்ணு கெட்டா மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதானாம். அதை ஏதோ நல்ல சேதி மாதிரி சொன்னார். கொஞ்ச நாள் போச்சு. ஒரு காலையில அளவு நாடாவோட என் ரூமுக்குள்ள வந்தார். வீட்டுல இருந்தே வேலை பாக்க ஆபீஸ் ரூம் வேணுமாம். நாடா கட்டில் மேல போச்சு, கட்டில் மேல நான் உக்காந்திருந்தேன். "கொஞ்சம் காலைத் தூக்குங்க மாமா"ன்னார். தூக்கினேன். மெல்லிசு பண்றேன்னு இறங்கின கை லேப்டாப்போட நிக்காதுன்னு அப்பவே புரிஞ்சு போச்சு. அவரா சொல்றதுக்கு முன்னாடி நானே கிளம்பி இந்த மாடி ரூமுக்கு வந்துட்டேன். கீழே சலவைக் கடை. இஸ்திரிச் சூடு தரை வழியா ஏறுது, முட்டிக்கு இதமாத்தான் இருக்கு. கிளம்பும்போது "வீடியோல பேசிக்கலாம் மாமா"ன்னு இந்த லேப்டாப்பைக் கையில குடுத்தார். ஓட்டையை எடுத்துட்டு, வேணுங்கிறவன் இயர்போனை மாட்டிக்க வால் மாதிரி ஒரு வயரைத் தனியா விக்கிறாங்களே, அந்த மாதிரி. அப்பனை எடுத்துட்டு அதுக்கு மாத்தா ஒரு லேப்டாப். அந்த வயரைக்கூட எனக்கு வாங்கிக் குடுக்கலை.

என்னை ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்னு ஒரு சாயங்காலம் பையோட வந்த உங்க மருமக இன்னும் பையைத் திருப்பித் தூக்கலை. கட்டில் ஒண்ணுதான். நான் தரையில படுக்கிறேன்னா அவ படுக்கிறேங்கிறா, தினம் சண்டை. மாப்பிள்ளை போன் பண்றார். இவ எடுக்கிறதில்ல. போன் அடிச்சு ஓயிற வரைக்கும் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கா. எடுக்காதவ ஏன் பாக்கணும்? இதையும் அடிம்மா, ஏன் முறைக்கிற?

சம்பந்தி, உங்க மவுஸை நான் ஒத்துக்கிறேன். வேணும்னா கம்ப்யூட்டர் வித்தவன், செஞ்சவன், சுமந்தவன் எல்லாரும் முட்டாள்னு சேந்தே கையெழுத்துப் போடலாம். இந்த ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக் குடுங்க. வீடியோ காலைக் கட் பண்ணது பட்டன்தான். உங்களை அவமானப்படுத்தணுங்கிற எண்ணம் இந்த ரூம்ல யாருக்கும் கிடையாது. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லுங்க, அவர் வச்ச பட்டன் எப்படிப்பட்டதுன்னு அவருக்கே தெரியும். மனசுல ஒண்ணும் வச்சுக்காம வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. காபி குடிங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். வந்து, என் பொண்ணை மட்டும்

எழுந்து போயிட்டா. படியில செருப்புச் சத்தம் கேக்குது. இனிமே நான்தான், ஒத்த விரல். பிழை பொறுக்கவும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். அண்ணனுக்கு ரெண்டு வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி, கொஞ்சம் மெல்லிசான ஆசி.

இப்படிக்கு,
சம்பந்தி

பின்குறிப்பு: அவ இல்லாதப்பவே சொல்லிடுறேன். பிஸ்கட் கிடையாது. பட்டன் மேல தப்பு இல்ல. நான் அதைத் தொடவே இல்ல.

அன்னிக்கு குரலைத் தாழ்த்தி என்ன சொன்னீங்க? "நீங்க அங்கயே இருந்துக்கங்க, பொண்ணை மட்டும் அனுப்பி வைங்க." என் காதுக்குன்னுதான் சொன்னீங்க. சவுண்டு முழுசா இருந்துச்சு. பாத்திரம் கழுவிட்டு இருந்தவ ஈரக்கையோட வந்து உங்க பேச்சு மேலயே லேப்டாப்பை அறைஞ்சு மூடினா. அது தெரிஞ்சா நாளைக்கு நீங்க அவளைக் குத்திக் காட்டுவீங்கன்னுதான் இல்லாத பிஸ்கட்டை உதிர்த்தேன். நான் சரின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இப்பவும் சரிதான்.

நீங்களும் தோத்தீங்க, நானும் தோத்தேன். மவுஸும் இல்ல, பட்டனும் இல்ல. கேடுகெட்டது அந்த எடுத்துட்ட இயர்போன் ஓட்டைதான். அது இருந்திருந்தா உங்க பேச்சு என் காதோட போயிருக்கும். முழுங்கியிருப்பேன். எதையாவது சொல்லி இவளை மறுநாளே பஸ் ஏத்தியிருப்பேன்.

யாருக்கு வேணும் அதுன்னு கேட்டார்ல மாப்பிள்ளை, அவர்கிட்ட சொல்லுங்க. அவருக்குத்தான் வேணும்.