கம்பிச் சாமியும் தாகமெடுத்த பனையும்

கொச்சி மட்டாஞ்சேரியில் கர்க்கடக மாத மழை, நம் ஊர் ஆடி மாதத்தில் பெய்வது, கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கொச்சங்காடிச் சந்துக்குள் போய்ப் பாருங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட டீச்சர், எல்லோருக்கும் ஒரு கையில் குடை, மறு கையில் குடம். வாசலில் வைத்திருக்கும் அலங்காரப் பனைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆமாம், கொட்டுகிற மழையில்தான்!

இந்தத் திருப்பணியைத் தொடங்கி வைத்தவர் பிச்சைமணி. கம்பிச் சாமி என்றால்தான் தெருவில் தெரியும். மழை பிடித்ததும் பனைகள் மஞ்சளடித்து வாடின. சாமி வந்தார். இரும்புக் கம்பியைத் தொட்டி மண்ணில் குத்தினார், உருவி முகர்ந்தார். குடலைப் புரட்டும் நாற்றம்.

"பிரேதமாக்கும்! தாகத்தோட செத்த ஆத்மா வேர்ல உக்காந்திருக்கு. மூணு வேளையும் மந்திரிச்ச தண்ணி ஊத்துங்கோ."

தாகம் தீர்வதற்குள் ஆத்மா நழுவிவிடாமல் இருக்க, ஒவ்வொரு தொட்டியின் அடி ஓட்டையையும் அரக்கு வைத்து அடைத்தார். ஆத்மா என்றால் ஓட்டை வழியாகத்தான் போகும் போலிருக்கிறது. தட்சணை தனி. பனை மேலும் வாடினால் மறுபடி பூஜை, மறுபடி தட்சணை.

நீலாம்பாள் மாமி வீட்டுப் பனைதான் ரொம்ப மோசம். சாமி மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே புதிதாகக் குடிவந்தவள் இசக்கிசெல்வி. சங்கரன்கோவில்காரி, ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. மகளை எதிர்த்தாற்போல் இருக்கும் பள்ளியில் இப்போதுதான் சேர்த்திருந்தாள்.

"அவ கால் வெச்ச நேரம்" என்றார் சாமி.

"மாசம் முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணிடு செல்வி" என்றாள் மாமி. "நேக்கு உன்மேல விரோதம் ஒண்ணுமில்லை. சாமி பறஞ்சா நான் என்ன செய்யறது?"

செல்விக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. அடுத்த முறை சாமி வந்தபோது, தெருவே கூடி நிற்க, ஒரு பெயின்ட் வாளியைத் தூக்கிவந்து வைத்தாள். நிறைய சேறு, நடுவில் ஒரு பனங்கீற்று.

"சாமி, என் பனையும் வாடுது. கொஞ்சம் குத்திப் பாருங்க."

சாமி குத்தினார். முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"அதே ஆத்மா! வேர் பூராவும் சுத்திப் பிடிச்சிருக்கு."

செல்வி கீற்றைப் பிடித்து உருவினாள். அடியில் கத்தி வெட்டிய தடம் மட்டும்தான் இருந்தது.

"வேரே இல்லியே சாமி! எங்க சுத்திச்சு? நான் வாளியில போட்டது சேறும் காய்கறித் தொலியும். ஒரு வாரம் தண்ணியில ஊறிச்சு, நாறுது. அம்புட்டுத்தான்."

கூட்டம் சிரித்தது. செல்வி மாமியின் தொட்டியைச் சாய்த்து அடியிலிருந்த அரக்கைக் கிள்ளி எறிந்தாள். கறுத்த தண்ணீர் மாமியின் காலை நனைத்தது. உள்ளே வேர்கள் கன்னங்கரேலென்று குழைந்து கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால் கம்பி மட்டும் கிடந்தது. சாமி தோப்பும்படி போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

செல்வி அழுகிய வேர்களை வெட்டினாள். மணலும் தேங்காய்நாரும் கலந்த புது மண்ணில் நட்டு, மழை படாத ஓரத்தில் வைத்தாள். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். சில வாரங்களில் குருத்து விட்டது. தெருவில் பாதிப் பனைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பக்தி முற்றிவிட்டது.

"நீ எங்கேயும் போக வேண்டாம்டி" என்றாள் மாமி, கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இருந்தாலும், அந்த ஆத்மா இப்போ எங்கே போயிருக்கும்?"

செல்வி கத்தியைத் துடைத்தாள்.

"செடியில இருந்த அழுகலை நான் வெட்டிட்டேன் மாமி. இந்த அழுகலை நீங்களே யோசிச்சு வெட்டினாத்தான் உண்டு."